தொட்டியோரம் அடக்கிய மூச்சு

பீங்கான் தொழிலில் கை நடுங்குகிறவனுக்கு வேலையில்லை; மூச்சு விடுகிறவனுக்குக் கை நடுங்கும். தொழில் பழக்கத்தை ஊருக்கெல்லாம் சுமந்துபோய் அவமானப்படும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

ஒரே முக்கு

விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறையில் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சில் முக்குவது என் வேலை. முதல் சூட்டில் வெந்த பொம்மையை எடுத்து, வாயால் தூசி ஊதி, மூச்சை அடக்கி, பால்போன்ற கரைசலில் ஒரே முக்கு. நடுவில் மூச்சு விட்டால் கை அசைந்து, பொம்மையின் முகத்தில் கோடு வழியும்.

தொட்டியின் எதிர்ப்பக்கம் வசந்தா. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முக்குவாள். அவள் கைக்குக் கோடே விழாது. பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவள், நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் கோடு விட்ட பிள்ளையாரைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, புள்ளையாரை அழ வச்சிட்டீங்களே, கொழுக்கட்டை குடுக்கலையா?"

பஸ்ஸில் முத்துக்குளித்தேன்

ஓய்வு பெற்றபின், பட்டறை நண்பர்களோடு புதுச்சேரிக்குச் சுற்றுலா. கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்கு வசந்தா எங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருந்தாள். முத்துக்குளிப்பு பற்றி நூலகத்தில் படித்ததையெல்லாம் நெய்வேலி தாண்டும்வரை நான் விளக்கினேன். மூச்சடக்குவதில் எனக்கு நிகரில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பட்டறையில் சூளை வேலை பார்த்த ஞானசேகர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எறங்காம படகுலயே குந்தியிருந்துட்டு வந்தன்னா, ஊரு பூரா சொல்லி வுட்டுடுவேன், பாத்துக்க."

குளத்தில் மூன்று தடவை

கடலுக்கு முன் நீச்சல் குளத்தில் பயிற்சி. பயிற்சியாளர் சொன்ன முதல் விதி: என்ன ஆனாலும் மூச்சை அடக்கக் கூடாது, நுரையீரலுக்கு ஆபத்து. விதியின் காரணத்தை அவருக்கே விளக்கிச் சொல்லுமளவு எனக்குப் புரிந்தது. என் நெஞ்சுக்குத்தான் புரியவில்லை. தலை நீருக்குள் போனதும் முப்பது வருடப் பழக்கத்தில் மூச்சு தானே பூட்டிக்கொண்டது. மூன்று தடவையும்.

வசந்தா முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். பயிற்சியாளர் என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "இன்னொரு தடவை அடக்குனா நீங்க படகுலதான் சார். மேடத்தை மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

தூசி

ஞானசேகரின் முகம் கண்முன் வந்தது. அதைவிட, தொட்டியின் எதிர்ப்பக்கத்தை விட்டு வசந்தா தனியாகப் போவதுபோல் ஒரு கலக்கம். அவள் என்னைக் குளத்தோரம் இழுத்து, முக்குவதை மறந்துவிட்டு அதற்கு முந்தின தூசி ஊதும் வேலையை மட்டும் செய்யச் சொன்னாள்.

ஊதினேன். ஒரு மூச்சுக்கு ஒரு பொம்மை: மயில், யானை, செட்டியார். நான்காம் தடவை தேறினேன். கடலுக்கடியில் மீன்கள் எங்களைச் சுற்றிப் போக, வசந்தா வெறுங்கையைப் பொம்மை ஏந்துவதுபோல் என் முகத்தருகே நீட்டினாள். ஊதினேன், குமிழிகள் மேலே போயின. அடுத்த கையை நீட்டினாள்.

படகில் ஏறியதும் பயிற்சியாளர், கீழே இருவரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வசந்தா தலையைத் துவட்டியபடி சொன்னாள்: "ஒரு புள்ளையாருகூட அழுவல, தம்பி."

முப்பது வருடம் மூச்சை அடக்கிச் சம்பாதித்த பெயரை, அரை மணிநேரம் மூச்சு விட்டுக் காப்பாற்றிக்கொண்டவன் நான்.