தறிக்கூடத்தில் வெந்த சூப்

கமலவேணி அடுப்படியில் நின்று நிதானமாகச் சமைத்ததே கிடையாது. எடப்பாடியில் வீட்டுக்கு எதிரிலேயே விசைத்தறி போட்டிருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பாக்கியம் ஏது? இழை அறுந்து தறி நின்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முடிச்சுப் போட்டுத் திரும்புவதற்குள் பருப்பு அடிப்பிடித்திருக்கும். அதற்கும் கணவர் ஜீவானந்தத்திடம் பேச்சு வாங்குவாள்.

மகள் யாழினி பெங்களூரிலிருந்து ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கி வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஊறிய தட்டைப்பயறு, மொச்சை, தக்காளி, பூண்டு எல்லாம் போட்டுக் காலையில் சுவிட்சைத் தட்டினால் பொழுதுக்கும் அதுபாட்டுக்கு வேகும். கடைசியில் பாஸ்தாவை அள்ளிப் போட்டால் சூப் தயார். ஜீவானந்தம் அதைத் தொட்டதேயில்லை.

"நோவாளிக்குக் குடுக்கறதை எனக்கு எதுக்கு ஊத்தறே?" என்று தள்ளிவிடுவார். நல்ல மனுஷன்தான், சாப்பாட்டில் மட்டும் வீம்பு.

அன்று மகள் வருகிற நாள். காலையிலேயே குக்கரைப் போட்டுவிட்டு, "இன்னைக்காச்சும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றாள் கமலவேணி.

"சரி, எனக்கும் ஒரு கிண்ணம் வை" என்றார், பேச்சை முடிப்பதற்காக. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மதியத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

உடலைக் கொண்டுவந்து கிடத்தியதும் ஜீவானந்தத்தின் அக்கா மாரியாயி அடுப்படிக்குப் போனாள். சாவு விழுந்த வீட்டில் சமைத்ததைக் கொட்டிவிட வேண்டும், உடலை எடுக்கும்வரை அடுப்பும் எரியக் கூடாது. அங்கே குக்கர் மட்டும் முனகிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாஸ்தா. அவள் வயரைப் பிடுங்கினாள்.

"அக்கா, அதைக் கொட்டீராதீங்க" என்று ஓடிவந்தார் ஜீவானந்தம்.

"ஏஞ் சாமி, முறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ?"

"எனக்கும் ஒரு கிண்ணம் வெக்கச் சொல்லியிருந்தேனுங்க்கா. ஒரு நாளும் அவ கையால வாங்கிக் குடிக்கலையே!"

வந்தவர்கள் முன்னால் உடைந்து அழுதார். அவர் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை.

முறை பேசுவதில் மாரியாயியை மிஞ்ச ஆளில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றவள், முந்தானையால் குக்கரைப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னும் வெந்தே முடியலை. இதைச் சமைச்சதுன்னு எவ சொல்லுவா? தறிக்கூடத்துல கொண்டுபோய் வயரை மாட்டறேன், அது ஊடு இல்லீல்லோ" என்றாள்.

யாழினி வந்து சேர்ந்தாள். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த ஈரத்தோடு ஜீவானந்தம் பாஸ்தாக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனார். தறிகள் ஓடாத அந்த இடம் அவருக்கே புதிதாக இருந்தது. மகள் வீங்கிய முகத்துடன் பின்னால் வந்தாள்.

"இதை எப்பச் சாமி போடோணும்?" என்று கிண்ணத்தை நீட்டினார்.

"இப்பவே போடலாங்கப்பா." கிண்ணத்தைப் பார்த்தவள் நின்றாள். "ஏனுங்கப்பா, அம்மா எப்பவும் இவ்வளவு எடுக்கமாட்டாங்களே?"

ஜீவானந்தம் குக்கரின் மூடியைத் திறந்தார்.

"எனக்கும் சேத்தி எடுத்து வெச்சிருக்கறா சாமி" என்றார்.

அவரே அதைக் கொட்டி மூடினார். வேகும்வரை அந்த இடத்தைவிட்டு எழவில்லை. மகள் ஊற்றிக் கொடுத்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.