தம்பியின் காகிதம்

நான் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பிராக்கள் வரிசையாக இருக்கும் லயத்தில் பிறந்தவன். பக்கத்துக் காம்பிரா அம்மாதான் பிரசவம் பார்த்தாராம். பதிவு செய்ய யாரும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தான். எட்டாவது மாதம் அதே ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டான். அதனால் அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் இரண்டும் இருந்தன. உயிரோடு திரிந்த எனக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா காகிதங்கள் வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து தம்பியுடையதை நீட்டினார். எங்கள் தோட்டத்தில் இது ஒன்றும் புதுசில்லை, இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள். அன்றிலிருந்து வெளியில் எனக்கு அவன் பெயர், அவன் வயது. வீட்டுக்குள் மட்டும் என் பெயர்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. தம்பி செத்த நாளில் வருடா வருடம் படையல் போடுவார். "அவன் பேர்ல ஓடி ஆடுற. அவனுக்கு ஒரு வாய் வச்சிட்டுப் போ" என்பார். நான் பயந்துகொண்டே சோற்றை அள்ளி வைப்பேன். யாரோ இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடுவார்கள் என்று அப்போதே ஒரு பயம் இருந்தது.

ஆறாம் வகுப்புக்குக் கஹவத்தை டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் நான்தான் நெட்டைக் கொக்கு. அங்கே ஒரு சிமெந்து பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தது. மழை விட்டதும் விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடுவோம். மற்றவர்கள் எம்பிப் பிடித்த பந்தை நான் நின்றபடியே எடுத்தேன். "மல்லி, மல்லி" என்று கத்துவார்கள். சிங்களத்தில் தம்பி என்றுதான் அர்த்தம். அந்தக் கூப்பாடு எனக்குள் எங்கோ உறுத்தும்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் எங்கள் பள்ளிக்கூடம் வென்றபோது எனக்கு உண்மையில் பதினெட்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் அம்மா வந்தார். சிறந்த ஆட்டக்காரர் என்று மைக்கில் தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடைக்கு நடந்தேன். அம்மா எழுந்து நின்று, அவனே வரப்போவதுபோல, என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தார்.

பிறகு கொழும்பில் ஒரு கம்பனி என்னை எடுத்தது. பகலில் ஸ்டோரில் பெட்டி தூக்கவேண்டும், சாயங்காலம் பயிற்சி, சனி ஞாயிறு கம்பனிகளுக்கிடையிலான லீக். இரண்டாவது வருடம் மாலைதீவிலிருந்து ஒரு கிளப் என் ஆட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டது. பந்து விளையாடுவது மட்டும்தான் வேலை, அதற்குத்தான் சம்பளம். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு வேலையை எவனும் கேள்விப்பட்டதில்லை. தம்பியின் பெயரில் பாஸ்போர்ட்டும் வந்தது, டிக்கெட்டும் வந்தது.

அப்போது வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்தது, கொழும்பில் தமிழனை எங்கே கண்டாலும் நிறுத்திக் காகிதம் பார்த்தார்கள். சொல்லிவிட்டு வர வீட்டுக்குப் போனபோது பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த மரணச் சான்றிதழை எடுத்தேன்.

"இத எரிச்சிரும்மா."

அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "அவனுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீ எடுத்துக்கிட்ட."

அதை டின்னுக்குள் வைத்து மூடினார். நான் பஸ் ஏறினேன்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது விடியற்காலையில் போலீஸ்காரர்கள் நாங்கள் தங்கியிருந்த போர்டிங்கைச் சுற்றி வளைத்துத் தமிழ்ப் பையன்களை எல்லாம் ஏற்றிப் போனார்கள். எனக்கு அவ்வளவு பயமில்லை. அடையாள அட்டை இருந்தது, கம்பனிக் கடிதத்தோடு மனேஜரே ஸ்டேஷனுக்கு வந்தார். வடக்கு ஆளில்லை, தோட்டத்துப் பிள்ளைதான் என்று வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னால் விட்டுவிடுவோம் என்றார் இன்ஸ்பெக்டர். மனேஜரின் போனில் தோட்டத்துக் கடைக்குக் கூப்பிட்டு அம்மாவைப் பிடித்தேன். "பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாம்மா" என்றேன். எல்லாத்தையும் என்று சொன்னது நான்தான். யார் மேலும் பழி போட முடியாது.

எங்கள் ஆட்கள் எந்த ஆபீசுக்குப் போனாலும் டின்னோடுதான் போவார்கள். எந்தக் காகிதத்தைக் கேட்பார்களோ தெரியாது, எழுதியிருப்பதும் சிங்களம். மூன்று மணிக்கு அம்மா வந்தார். வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடு, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு. டின்னை அப்படியே மேசையில் வைத்தார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம். கத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். ஒன்றில் நிறுத்தினார். அடையாள அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பையன் செத்துட்டானே" என்றார் சிங்களத்தில்.

"ஆமாங்க சார், எட்டு மாசத்துல" என்று அம்மாவும் சிங்களத்திலேயே சொன்னார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப இவன் யாரு?"

அம்மா என் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் எழுதிக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மனேஜர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஏழு மாதம் உள்ளே இருந்தேன். கிளப் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. வெளியே வந்து பதிவு, அடையாள அட்டை எல்லாம் என் பெயரில் எடுத்தேன். அதைக் கொண்டுபோய் லீக்கில் சேரக் கேட்டபோது, இதற்கு முன் எங்கே விளையாடினீர்கள் என்றார்கள். விளையாடியதெல்லாம் தம்பி பெயரில். நீட்டிய அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து தோட்டத்துக்குப் பக்கத்தில் கொடகவெலவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தேன். உயரத்தட்டில் இருக்கும் சாமான் எடுக்க ஏணி வேண்டாம் என்று முதலாளிக்குச் சந்தோஷம்.

அந்த வருடம் படையலுக்கு வீட்டுக்குப் போனேன். இலைக்குப் பக்கத்தில் அம்மா என் கப்புகளையும் மெடல்களையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் அவன் பெயர். நான் ஒரு வாய் சோறு அள்ளி வைத்தேன். படையல் முடிந்ததும் அந்தக் கப்புகளை எடுத்துக்கொள் என்று அம்மா சொல்லவில்லை; அவை அவனுக்கு வைத்தவை.