மோரீன் ஆன்ட்டி முதலில் கேட்கும் கேள்வி

செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடுவே கணவர் போன் செய்தார். "மோரீன் ஆன்ட்டி போயிட்டாங்க. அவங்க பொண்ணு இப்பதான் கால் பண்ணா." சரி என்று வைத்துவிட்டு மீட்டிங்கை முடித்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

அமெரிக்காவில், எடிசன் நகரில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நம்மவர்கள் பலர். எங்களுக்கு அது ஏழாவது முயற்சி. மற்ற ஆறு வீட்டிலும் என் பெயரைக் கேட்டார்கள், சமையல் வாசனையைப் பற்றிக் கேட்டார்கள், பிறகு "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். மோரீன் பெயர்கூடக் கேட்கவில்லை. "ரூம் இருக்கு. எப்ப வந்து பார்க்கறீங்க?" என்றார். நீங்கள் போயிருந்தால் உங்களிடமும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

காரணத்தை ஒரு பனிக்கால மதியம் சொன்னார். பத்தொன்பது வயதில் அயர்லாந்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர். அந்த வீட்டில் முன்பு வேலை செய்த ஐரிஷ் பெண்ணின் பெயராலேயே இவரையும் கூப்பிட்டார்களாம். அறை தேடிப் போனால், வாயைத் திறந்ததுமே ஊர் தெரிந்துவிடும். கத்தோலிக்கர் என்று காட்டிக்கொடுக்கக் கழுத்தில் மாதா பதக்கம் வேறு. அறை போய்விட்டது என்பார்கள். "மறுநாள் அதே தெருவுல போவேன். ஜன்னல்ல வாடகைக்குன்னு எழுதின அட்டை அப்படியே தொங்கும்" என்றார். கோபம் இல்லை, அலுப்புதான்.

இதற்கெல்லாம் உச்சுக்கொட்டிய நான்தான், சொந்த வீடு வாங்கியதும் மளிகைக்கடைப் பலகையில் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டினேன்: பேஸ்மென்ட் வாடகைக்கு, வெஜிடேரியன் குடும்பத்துக்கு மட்டும். தேயிலை வாங்க என்னோடு வந்த மோரீன் அதைப் படித்தார். கீழே இருந்த போன் நம்பர் அவருக்கு மனப்பாடம்.

"எனக்குக் கொடுப்பியா?"

"உங்களுக்கு இல்லாமலா? நீங்க மத்தவங்க மாதிரி இல்லையே ஆன்ட்டி."

"நான் வேலை செஞ்ச வீட்டம்மாவும் இதையேதான் சொன்னாங்க. நீ மத்த ஐரிஷ்காரங்க மாதிரி இல்லன்னு."

தேயிலையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். நான் சீட்டைக் கிழிக்கவில்லை. வெஜிடேரியன் குடும்பமே வந்தது, மூன்று வருடம் இருந்தது. அதன் பிறகும் மோரீன் எங்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து காரில் ஏறும்போது போன் அடித்தது. பேஸ்மென்ட் மறுபடி காலி. "மேடம், நாங்க நான்வெஜ் குக் பண்ணுவோம். முன்னாடியே சொல்லிடறேன்" என்றது ஒரு களைத்த குரல். எத்தனை வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரோ. கொடுத்தாச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது.

மோரீனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். அவர் இருக்கும்போது ஒருமுறைகூட நான் அதை யாரிடமும் கேட்டதில்லை.

"ரூம் இருக்கு. எப்ப வந்து பார்க்கறீங்க?"