சும்மா கிடந்த பேர்

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யார் பேராவது அச்சில் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் அது என் விரல் வழியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் படிப்பை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவார்கள். சித்தப்பா பேர் பெரியப்பா பேருக்கு மேலே போய்விட்டால் அதற்கும் சண்டை. பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பேர் சின்ன எழுத்தில் இருக்கும். தட்டச்சு செய்தவள் பேர் எங்கும் இருக்காது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். பொய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி கடையின் மறுபாதியில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே ஈதான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் நான் உட்கார்ந்து பார்ப்பேன். தமிழில் ஆளாளுக்கு வலைப்பூ வைத்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர் கதை எழுதினார், துபாயில் இருக்கிறவர் கவிதை எழுதினார். என்னிடமும் பதினொரு கதைகள் இருந்தன. இரண்டு நோட்டில் எழுதி, பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வலைப்பூ இலவசம்தான். ஒரு பேர் வைத்தால் போதும் என்றார்கள்.

அந்தப் பேர்தான் கிடைக்கவில்லை. தூறல் போட்டேன், ஏற்கெனவே இருக்கிறது என்றது. சாரல், மழைத்துளி, முதல் மழை, எதுவும் மிச்சமில்லை. எனக்கு முன்னால் வந்த தமிழர்கள் மழையை ஒரு சொட்டு விடாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வானத்திலும் அதே கதை. நிலா, வானவில், சிறகு எல்லாம் காலி. என் பேரையே வைக்கலாம் என்றால், அந்தப் பேரில் மட்டும் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருந்தோம். இப்படி மூன்று வாரம் போனது. கதை எழுதுவதற்குக்கூட நான் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

கடைசியில் வீட்டிலிருந்தே ஒரு வார்த்தை வந்தது. கோர்வை.

எங்கள் வீட்டில் அப்பா நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் நெய்கிறவர் உடலுக்கான நூல் ஓடுகிற நாடாக்கட்டையைத் தள்ளுவார். கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அம்மா உட்கார்ந்தாள். கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு இழையையும் கோத்துவிடுவது அவள் வேலை. அங்கே பிசகினால் புடவையே போச்சு. அதனால் அம்மா சோறு வடிப்பதும் துணி துவைப்பதும் தறி நிற்கிற நேரத்தில்தான். நாங்கள் படிக்கிற காலத்தில் "அம்மா எங்கே" என்று யாராவது கேட்டால், "கோர்வைக்கு உட்கார்ந்திருக்கிறாள்" என்பதுதான் எங்கள் பதில்.

தொண்ணூறுகளில் ஒருமுறை கணக்கெடுக்க ஒருவர் வந்தார். அப்பா தறியில் இருந்தபடியே பதில் சொன்னார். தொழில் நெசவு. பையன் படிக்கிறான், பொண்ணு படிக்கிறாள். வீட்டு அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டார். அம்மாவின் கையில் அப்போது நாடா இருந்தது.

"அது சும்மா வீட்ல இருக்குதுங்க" என்றார் அப்பா.

அவரும் எழுதிக்கொண்டு போனார். அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு மட்டும் அது முள்ளாகத் தைத்து அங்கேயே இருந்துவிட்டது.

வார்த்தைகளைக் கோப்பதற்கும் கோர்வை என்றுதானே பேர். தட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஆறு எழுத்து, யாரும் எடுத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் அழுதது அந்த ஒருமுறைதான். அன்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீ பார்த்த வேலையின் பேரைத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு பேரே கிடைக்கவில்லையா என்று கேட்டாள். ஆனால் இரண்டு நாள் கழித்து, "அந்தப் பேர் இன்னும் அதுல கீதா, இல்லியா?" என்று அவளே விசாரித்தாள்.

ஒவ்வொரு கதையாக ஏற்றினேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வந்து பார்த்ததாகக் காட்டும். அதில் பாதி நான்தான். இருந்தாலும் யாரோ ஒருவர் திருநெல்வேலியிலிருந்து, பேர் பொருத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் பிரிண்ட் எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அண்ணன் கடை திறந்தான். வேலூரில் காலேஜ் படித்து, ஒரு பட்டு வியாபாரியிடம் ஐந்து வருடம் இருந்து, சொந்தமாகத் தொடங்கிய கடை. பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்குத்தான் வந்தான். என் மேஜையில் ஒரு பேப்பரை வைத்தான். மேலே பிள்ளையார் சுழி, கீழே கொட்டை எழுத்தில் "கோர்வை சில்க்ஸ்".

நான் முட்டாள். என்னைப் பெருமைப்படுத்தத்தான் வைத்திருக்கிறான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

அவனுக்கு என் வலைப்பூவின் பேர் தெரியும், ஆனால் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நியூமராலஜிக்காரர் ஆறு எழுத்தில் பேர் வைக்கச் சொன்னாராம். ஒன்றும் சிக்காமல் பேஜாராகி உட்கார்ந்திருந்தபோது அம்மாதான் சொன்னாளாம்.

"நல்லா கீதுல்ல?" என்றான். "ஜல்தியா அடிச்சுக் குடு. சாயந்திரமே பிரஸ்ஸுக்குப் போவணும்."

அடித்தேன். கண் எங்கேயோ இருந்ததில் "போர்வை சில்க்ஸ்" என்று விழுந்தது. ஒரே ஒரு எழுத்து. திரையில் பெரிதாக, சிவப்பில், கும்பம் குத்துவிளக்கோடு போர்வை சில்க்ஸ். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலோட்டமாகப் பார்த்து சரி என்றுதான் சொல்லியிருப்பான். ஆயிரம் பத்திரிகை ஊரெல்லாம் போயிருக்கும். நான் திருத்திவிட்டேன். தொழில் சுத்தம் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கேட்டேன். அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தவள் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவன் பேர் தேடிகினு இருந்தான். உன் பேர் அங்க சும்மாதானே கெடந்துது?"

அது கிடக்கவில்லை அம்மா, அதை வைத்து நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது உன் வேலையின் பேர் என்று சொல்லியிருக்கலாம். அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் புரிந்தது. ஒரே பேர் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று நினைத்திருப்பாள். ஆனால் நான் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அவள் கண்ணுக்கு சும்மா. அப்பா அவளைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

கடை நன்றாக ஓடியது. புடவையின் ஓரத்தில் கடையின் பேரைச் சரிகையில் நெய்து வாங்கினான். திறப்பு விழாவுக்கு அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தான். எனக்கு மெரூன். முந்தானையின் கோடியில் என் வலைப்பூவின் பேர் மின்னியது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, கோர்வை சுத்தமாக விழுந்திருக்கிறது என்றாள்.

பிறகு என் வலைப்பூவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. அப்பாவின் சாவைப் பற்றி நான் எழுதியிருந்த கதையின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: பச்சைக் கரை போட்டது இருக்கிறதா, சென்னைக்கு அனுப்புவீர்களா. திருநெல்வேலிக்காரரும் ஒருநாள் எழுதினார். உங்கள் கடை விளம்பரத்தை பஸ்ஸில் பார்த்தேன், இலக்கியத்தை வைத்து வியாபாரம் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை என்றார். அவருக்கு நான்கு முறை பதில் அடித்து, நான்கையும் அழித்தேன்.

அதோடு போதும் என்றாகிவிட்டது. பேரை மாற்றிவிடுவோம் என்று ஒரு மதியம் உட்கார்ந்தேன். மழை, நிலா என்று அலையவில்லை. என் எழுத்துக்கு என் வீடு கொடுத்த பேர் கையிலேயே இருந்ததே. அதை யார் பறிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் "சும்மா" என்று அடித்தேன்.

அதையும் யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.