நாலு பெயரை வெட்டச் சொன்ன கடிதம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமையால் வந்த வினையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா பூனாவில், கட்கியில் இருந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா மராட்டியில் சண்டை போடுவாள், இந்தியில் கொஞ்சுவாள், இங்கிலீஷில் படிப்பாள். தமிழைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வைத்திருந்தாள். கோயில் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததால் என்னை அனுப்பினார்கள். அங்கே வகுப்பு முடிந்ததும் சுண்டல் உண்டு. நான் ஒரு வாரம்கூட மட்டம் போட்டதில்லை.

அக்கா பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய வருஷம் அது. அவளுக்கு மாட்டு டாக்டர் ஆகவேண்டும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தபேலா என்று சொல்லும் எருமைக் கொட்டகை ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் அங்கே பால் வாங்கப் போவது அக்காவின் வேலை. ஒருநாள் கன்று குறுக்கே நின்று, எருமை ஈன முடியாமல் தவித்தபோது ஸ்கூட்டரில் ஒரு டாக்டரம்மா வந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்திருக்கிறார். அக்கா மூன்று மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்தாள். “நானும் இதுதான் படிப்பேன்” என்றாள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்பா மட்டும், “எந்தக் காலேஜ்ல சொல்லித் தராங்கன்னு வெசாரிக்கிறேன்” என்றார்.

விசாரித்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. இன்ஜினீயரிங் என்றால் தெருவுக்கு ஒரு தனியார் கல்லூரி முளைத்துக்கொண்டிருந்தது. நன்கொடை கொடுக்க முடிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கால்நடை வைத்தியத்துக்கு அந்த வழியும் கிடையாது. அரசுக் கல்லூரிகள்தான், அதுவும் மகாராஷ்டிரம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். பூனாவில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சில கல்லூரிகளில் சேர்ந்தால் கட்டணம் அப்பாவின் ஓவர்டைமுக்குள் அடங்கும். ஆனால் அதற்கு நாங்கள் இந்த மாநிலத்துக்காரர்கள் என்று சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிமாநிலத்துப் பிள்ளை. அந்தக் கணக்கில் இடமும் அரிது, கட்டணமும் எங்களுக்கு எட்டாது. தமிழ்நாட்டுப் பக்கம் போகலாம் என்றால் அங்கே பாடத்திட்டம் வேறு, நுழைவுத் தேர்வு வேறு, அதற்கான தேதியும் போய்விட்டது. ஆக, அக்கா மாட்டு டாக்டர் ஆவதும் ஆகாததும் ஒரு காகிதத்தில் நின்றது.

அப்பா குவார்ட்டர்ஸ் கடிதம், எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா, “ரேஷன் கார்ட் குடே ஆஹே?” என்று கேட்டார். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால் அப்பா எதைச் சொல்வார்? அது ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

பூனாவில் பாதிப்பேர் கதை இதுதான். இருபது வருஷம் இங்கே இருப்பார்கள், பிள்ளைகள் இங்கே படிக்கும், கார்டில் பெயர் மட்டும் ஊரில் இருக்கும். எங்களுக்கு அரிசி பருப்பெல்லாம் தொழிற்சாலை ஸ்டோரில் கிடைத்துவிட்டதால் இங்கே கார்டு வாங்கவேண்டிய அவசியமும் வரவில்லை. எங்கள் நாலு பேர் பங்குச் சர்க்கரை பெரியப்பா வீட்டுக் காப்பியில் கரைந்துகொண்டிருந்தது. அம்மா அதை அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள். “பேரு இருந்தாத்தான் நாம அந்த ஊருக்காரங்க” என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்போது பூனாவில் புதுக் கார்டு வேண்டுமென்றால், பழைய கார்டிலிருந்து எங்கள் பெயர்களை நீக்கியதற்கு அங்கிருந்து ஒரு சான்று வரவேண்டும். பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில், ஷிப்டுக்குப் போகுமுன், இன்லாண்டு லெட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நீ எழுதும்மா. இந்தப் புள்ளைங்களுக்குத் தமிழே வராதுன்னு உங்க பெரியப்பா சொல்லிகினே இருக்காரு. பாக்கட்டும்.”

நான் தயாரானேன். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று சொல்ல ஆரம்பித்தார். கடிதம் என்று வந்துவிட்டால் அப்பாவின் தமிழ் சட்டை மாற்றிக்கொள்ளும். அண்ணா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது என்று தொடங்கி, அண்ணியின் முழங்கால் வலி, மழை, போன வருஷத்து வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரியவள் படிப்புக்காகத்தான், காகிதத்தில்தான் பெயரை எடுக்கிறோம், நாங்கள் எங்கும் போய்விடவில்லை, நான் ரிட்டயரானதும் அங்கேதான் வரப்போகிறேன், வந்ததும் நீங்களே உங்கள் கையால் மறுபடி சேர்த்துவிடுங்கள் என்றெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் அதற்குள் ‘பெரியப்பாவுக்கு’ என்பதை முடித்து நலம் விசாரிப்பில் இருந்தேன். என் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். அப்பா பேசிய வேகத்துக்கு நான் “ம், ம்” மட்டும்தான் போட்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், அவர் சொன்னதில் முக்கால்வாசி தேவையில்லாதது என்று எனக்குத் தோன்றியது. முழங்கால் வலியை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம். தப்பாக நினைக்க வேண்டாம் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அதனால் விஷயத்தை மட்டும் எழுதினேன்:

‘பெரியப்பாவுக்கு, நலம். எங்கள் நாலு பேர் பெயரையும் கார்டிலிருந்து வெட்டிவிடவும். வெட்டியதற்கு எழுதி வாங்கி அனுப்பவும். அவசரம். இப்படிக்கு அப்பா.’

கீழே நிறைய இடம் மிச்சமிருந்தது. காலியாக விட்டால் காசு வீண் என்று, விஷயம் மாட்டு டாக்டர் சம்பந்தப்பட்டது ஆகையால், ஒரு பசுமாட்டை நல்ல பெரிதாக வரைந்தேன். கழுத்தில் மணிகூட இருந்தது. ஒட்டி, மூலைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பதில் கடிதத்துக்குப் பதில் பெரியப்பாவே வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. வேறு மூட்டை எதுவும் இல்லை. எப்போது வந்தாலும் கடலையும் எள்ளும் சுமந்துகொண்டு வருபவர், வெறுங்கையோடு வந்திருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“தண்ணி கிண்ணி எதுவும் வாணாம்மா. பேச்ச முடிச்சிகினு சாயங்கால வண்டிக்குக் கெளம்பறேன்.”

அம்மா சொம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். கூடப்பிறந்தவன் வீட்டில் ஒருவர் தண்ணீர் வேண்டாம் என்றால் அது சாதாரணச் சமாச்சாரம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

“இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம?” என்றார் அப்பா.

“நீ சொல்லிட்டுதான் எழுதினியா?” பெரியப்பா பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்துத் தரையில் வைத்தார். “இந்தா நெலத்துப் பத்திரம். மேக்கால ஒன்ற ஏக்கரா, கெழக்கால ஒன்ற ஏக்கரா. எது வோணுமோ எட்த்துக்க. மாட்டயும் ஓட்டிகினு வந்திருப்பேன், ரயில்ல ஏத்தமாட்டேன்னுட்டான்.”

“மாடா? எந்த மாடு?”

பெரியப்பா என் கடிதத்தை விரித்துக் காட்டினார். அவர் வீட்டுக் கறவைமாடு எப்போதோ ஒரு போனஸ் பணத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையை விட்டுப் பெயரையும் வெட்டச் சொல்லி, மாட்டையும் படம் போட்டுக் கேட்டிருக்கிறான் தம்பி என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது, படம் மட்டும்தான் புரிந்தது. “அரே, லெட்டர்ல மாடு க்யூன் பனாயா தூனே?” என்றாள். ஏன் வரைந்தாய் என்று கேட்கிறாள். நான் மெல்லக் குளியலறைப் பக்கம் நகர்ந்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கடிதத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு எழுந்து நின்று, “நான் சொன்னது இதில்லண்ணா” என்றார். சொன்னது எது என்று கேட்காமலே சொல்லத் தொடங்கினார். ‘அண்ணா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது’ என்றே ஆரம்பித்தார், எதிரில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம். முழங்கால் வலி, மழை, வேர்க்கடலை எதையும் விடவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற இடத்தில் கடிதத் தமிழ் நழுவிவிட்டது. “பெரியவ படிப்புக்குண்ணா. இந்த ஊருக்காரின்னு காயிதம் இருந்தாத்தான் நம்மளால கட்ட முடியும். பேப்பர்லதாண்ணா எடுக்கறோம். நான் எங்கண்ணா போயிடப்போறேன்” என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையில் கிடந்த பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா கையை நீட்டி அம்மாவிடமிருந்து சொம்பை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார்.

“அத்த மொதல்லயே எழுதறதுக்கின்னா? கோவத்துல அன்னிக்கே தாலுகாபீசுக்குப் போயி, அங்கியே உக்காந்துகினு, வெட்டி வாங்கிட்டுதான் நவுந்தேன்.”

பையிலிருந்து சீல் குத்திய காகிதத்தை எடுத்தார். அக்காவுக்கு வேண்டியிருந்த சான்று அதுதான். கூடவே பழைய கார்டையும் எடுத்துவைத்தார். தம்பி முகத்தில் விட்டெறியக் கொண்டுவந்திருப்பார் போலிருக்கிறது. அதில் எங்கள் நாலு பேர் பெயர் மேலும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அம்மா பெயரும் எங்கள் இரண்டு பேர் பெயரும் பிற்பாடு சேர்த்தவை. அப்பாவின் பெயர் தாத்தா காலத்திலிருந்து, கார்டு மாறினாலும் மாறாமல், பெரியப்பா பெயருக்கு அடுத்த வரியில் வந்துகொண்டிருந்தது. அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா சொன்னதை நான் முழுசாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பா படித்துக் கண்கலங்கி, ஊரெல்லாம் படித்துக் காட்டி, ஆடி போகட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருப்பார். அதற்குள் கல்லூரியில் கதவைச் சாத்தியிருப்பார்கள். கோபம் இரண்டு வாரத்தில் முடித்துக்கொடுத்தது. எனக்கு அப்போதே இது பிடிபட்டுவிட்டது. “என் லெட்டராலதான் வேலை நடந்துச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியப்பாவும் சிரித்து, “எங்கூட்டுக் கலெக்டரு” என்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

பூனாவில் கார்டு வந்தது, அதைக் காட்டியதும் இந்த மாநிலத்துக்காரர்கள் என்ற டொமிசைல் சான்றிதழ் வந்தது, மார்க்கும் இருந்ததால் அக்காவுக்கு இடம் கிடைத்தது. ராத்திரி பூராவும் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில் கல்லூரி, ஆனாலும் இந்த மாநிலத்துக்காரிக்கான கட்டணம். அவள் இன்றைக்கும் எருமைகளுக்கு மராட்டியில்தான் வைத்தியம் பார்க்கிறாள்.

பெரியப்பா அன்றைக்குச் சாயங்காலம் போகவில்லை. கூட ஒருநாள் தங்கினார். அம்மா கறிக்குழம்பு வைத்தாள். மறுநாள் அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் அவரை வண்டி ஏற்றினோம். அப்பா எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். என் கவனமெல்லாம் அதில் இருந்த பச்சைமிளகாயை எடுத்துப் போடுவதில் இருந்தது.

“அட்த்த லீவுக்காவது புள்ளைங்கள இட்டுகினு வூட்டுக்கு வந்துட்றா” என்றார் பெரியப்பா, ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து.

அதுவரை அப்பா ஊருக்குப் போவதை ‘வீட்டுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார். தொழிற்சாலையில் லீவு கேட்டாலும் அப்படித்தான், டிக்கெட் வரிசையில் யாராவது விசாரித்தாலும் அப்படித்தான். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை அவர் ‘ரூம்’ என்பார். அன்றைக்கு அவர், “அண்ணன் வூட்டுக்கு வராம வேற எங்கண்ணா போவப்போறேன்” என்றார்.

யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முந்தின நாள் முழுக்க ஓயாமல் பேசிய பெரியப்பா, வண்டி கிளம்பும்வரை மடியிலிருந்த மஞ்சள் பையின் காதை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கலெக்டரே என்று கூப்பிட்டுக் கையாட்டுவார் என்று நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவே இல்லை. உள்ளே இடத்துக்கு யாரோ தகராறு செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மீதி வடாபாவைத் தின்று முடித்தேன்.