போன்செட் விதைக்குக் கொடுத்த புகையிலை

பிள்ளைகளே, ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. இரவு ஷிப்ட் முடித்த கையோடு, காலை ஏழு மணிக்கு இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ஏறினேன். கூட வந்தவர்கள் பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணையும் அவர் மனைவி மலர் அக்காவும். மேற்கு லண்டனில் ஒரு தாவரத் தோட்டம். ரயில், பிறகு பஸ். பாதி வழி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினேன்.

அன்று தோட்டத்தைச் சுற்றிக் காட்ட விருந்தினராக வந்திருந்தவர் ரூத், அமெரிக்கப் பழங்குடியான லெனாபே இனத்துப் பெண். இன்றைய நியூயோர்க்கைச் சுற்றிய ஆற்றங்கரைகள் அவருடைய முன்னோரின் நிலம். அங்கிருந்து துரத்தப்பட்டு, துரத்தப்பட்டு, இப்போது அவர் குடும்பம் இருப்பது வெகு தூரத்து ஒக்லஹோமாவில். அந்தப் பழைய நிலத்துப் போன்செட் செடிகள் இங்கே நிற்கின்றன. காய்ச்சலுக்கு அதில் கசாயம் வைப்பார்களாம். விதை கொண்டுபோக அனுமதி வாங்கியிருந்தார். மறுநாள் விமானம்.

ஆனால் செடிகளுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். புகையிலை கொடுத்துக் கேட்காமல் செடியில் கை வைப்பது அவர்கள் வழக்கமில்லை. கொண்டுவந்த புகையிலை, தொலைந்த சூட்கேசோடு போய்விட்டது.

"கேட்காமல் எடுத்தால் அது மருந்தாகாது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வெறும் பையை மடித்தார்.

சிவம் அண்ணை ஜாக்கெட்டின் உள்பொக்கெற்றைத் தடவினார்.

"என்னப்பா தேடுறியள்?" என்றார் மலர் அக்கா.

"ஒண்டுமில்லை."

வெளியே வந்தது, வெற்றிலையோடு போடுகிற யாழ்ப்பாணப் புகையிலைத் துண்டு.

"டொக்டர் சொன்ன அண்டைக்கே விட்டிட்டன் எண்டியள்!"

"ஓம், விட்டிட்டன்தானே. இது மணக்க மட்டும்."

"வீட்டை வாங்கோ, மணக்க வைக்கிறன்."

சிவம் அண்ணை நீட்டியதை ரூத் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். தன் மொழியில் மெதுவாகப் பேசி, முதல் செடியின் அடியில் கொஞ்சம் கிள்ளி வைத்தார். விதை நிறைந்து நின்றது அந்தச் செடிதான். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"நல்லதையெல்லோ விட்டிட்டுப் போறா!" சிவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

நான் ரூத்திடம் கேட்டேன். முதலில் காணும் செடியிடம் கேட்பதோடு சரி, அதிலிருந்து எடுப்பதில்லையாம். அது நின்றால்தான் இனம் நிற்கும். மற்றவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிர்த்தார்.

மிச்சப் புகையிலையை அவர் நீட்டியபோது சிவம் அண்ணை வாங்கவில்லை. "வைச்சிருக்கச் சொல்லடா. அங்கை போய் விதைக்கேக்கையும் தேவைப்படும்."

திரும்பும் பஸ்ஸில் மலர் அக்கா சிவம் அண்ணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து பின்வளவுக் கீரைத் தொட்டியைப் பார்த்தேன். நாங்கள் எப்போதும் முதலில் அறுப்பது கண்ணில் படுகிற பெரிய செடியைத்தான். இனி அந்தப் பெரியதை விட்டுவிடுங்கள், பிள்ளைகளே. விதை முற்றட்டும். எனக்கு நித்திரை வருகிறது.