மீந்துபோன ரப்பர் கிண்ணம்

கர்ப்பப்பையைப் பற்றி ஏதாவது சந்தேகமா? என்னிடம் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மர்பி டவுன் ரத்தினம்மாள், ஒரு நர்சிங் காலேஜில் இருபத்திரண்டு வருஷமாக அட்டெண்டர். பொம்மை அறை என் பொறுப்பு. பிளாஸ்டிக் எலும்பு, இதயம், தலைகீழாகக் குழந்தை கிடக்கும் வயிறு எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்தே படித்தவள். பரீட்சை நெருங்கினால் பெண்கள், "அக்கா, ரவுண்ட் லிகமென்ட் எந்தப் பக்கம் போகுது?" என்று என்னிடம்தான் வருவார்கள். "முன்பக்கம், தொடை இடுக்குக்கு. பின்னாடி போற கயிறு வேற. போ, போய்ப் படி," என்பேன். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

மூன்று வருஷம் முன்னால், இடுப்பெலும்புப் பொம்மைக்குள் கர்ப்பப்பையைத் தொங்கவிட்டிருந்த கயிறுகள் நைந்துபோயின. புதிது கேட்டு ஆபீஸில் எழுதிப் போட்டால் நான் ரிடையர் ஆன பிறகுதான் வரும். நானே பிரித்தேன். அல்சூர் மார்க்கெட்டில் பாவாடை எலாஸ்டிக் வாங்கி முன்னால் இரண்டு, பக்கங்களில் இரண்டு, பின்னால் இரண்டு என்று விண்ணென்று கட்டினேன். எல்லாம் மாட்டி முடித்தபோது ஒன்று மீந்தது. சிவப்பு ரப்பரில் ஆழமில்லாத கிண்ணம், அடியில் மூன்று ஓட்டை. மிக்சி ஆடாமல் இருக்கப் பெட்டிக்குள் ஒரு துண்டு வைப்பார்களே, அதுபோல ஏதோ என்று முடிவுகட்டினேன். எறிய மனசில்லாமல் ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய்க் கழுவிய டீ கிளாஸ்களை அதில் கவிழ்த்தேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் அழகாக வடிந்தது. எம்.எஸ்சி. படித்த மேடம்கள் மூன்று வருஷம் அதிலிருந்து கிளாஸ் எடுத்து டீ குடித்தார்கள். ஒருத்தரும் என்னவென்று கேட்கவில்லை. அந்த ஆறுதலாவது எனக்கு இருக்கட்டும்.

இதற்கிடையில் என்னுடைய கர்ப்பப்பையே இறங்க ஆரம்பித்தது. மூன்று பிள்ளை பெற்றவள். நாற்பது நாள்கூட ஆகாமல் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கியவள். தும்மினால் புடவை நனைந்தது. குனிந்து பெருக்கினால் கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. டாக்டரிடம் போயிருக்கலாமே? போவேனா! ஆபரேஷன் என்பார்கள் என்று பயம். பீன்யா ஃபேக்டரியிலிருந்து சோர்ந்து வரும் என் வீட்டுக்காரர் சுந்தரத்திடம் சொல்லக் கூச்சம். எல்லாவற்றுக்கும் மேல், எனக்குத் தெரியாததா என்கிற திமிர். கயிறு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரியாகிவிடும். அகல எலாஸ்டிக் வாங்கி, தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். இரண்டு வருஷம். மாதத்துக்கு மாதம் அது இன்னும் இறங்கியது. நானும் விடாமல் இன்னும் இறுக்கினேன்.

போன திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பார்கவி மேடம் வகுப்புக்கு அந்தப் பொம்மையைக் கேட்டார். என் கைவேலையைப் பாராட்டுவார் என்று கதவோரம் நின்றேன். "இருமும்போதும் கனம் தூக்கும்போதும் என்ன ஆகும், பாருங்க," என்று அவர் மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார். ஆறு எலாஸ்டிக்கும் இழுபட, கர்ப்பப்பை சறுக்கி வெளியே வந்து தொங்கியது. வகுப்பே சிரித்தது.

"ரத்னம்மா, கீழ இருக்கற தசை எல்லி ஹோய்து?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார் மேடம்.

"எந்தத் தசை மேடம்? எங்கயும் போகலியே."

"செகப்பா, கிண்ணம் மாதிரி இருக்கும். அதுதான் அடியில நின்னு தாங்கறது. அது தளர்ந்துட்டா மேல கயிறு மட்டும் எவ்ளோ நாள் தாங்கும்? சில பேர் வயித்த இறுக்கிக் கட்டுவாங்க. அது இன்னும் கீழதான் தள்ளும்."

புடவைக்கு மேலாக என் வயிற்றுக் கட்டைத் தொட்டுக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஆறு கிளாஸையும் எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தேன். அதை எங்கே வைத்திருந்தேன் என்று சொன்னதும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் அதை அடியில் மாட்டி மறுபடி அழுத்தினார். கர்ப்பப்பை அசையாமல் நின்றது.

வகுப்பு முடிந்து பெண்கள் எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினேன்.

"மேடம், பொம்மையோடது டீ கிளாஸுக்கு அடியில இருந்துச்சு. என்னோடத எங்க போய்த் தேடறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. "கட்டியிருக்கீங்களா? முதல்ல அவுருங்க," என்றார். அவிழ்த்தேன். இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்த இடத்தை அவர் விரலால் தொட்டபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. நானே கூட வர்றேன். எல்லாத்துக்கும் ஆபரேஷன் கிடையாது, பயப்படாதீங்க. எவ்ளோ நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! இவ்ளோ பேர் இருக்கோம், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"யாரைக் கேக்கறது மேடம்," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாரும் என்னைத்தானே கேப்பாங்க."